உழைக்கும் பொருள்

தமிழில் ‘உழைத்தல்’ என்னும் சொல் மனிதருக்கு மட்டும் உரியதன்று. வயலில் ஏர் பிடிப்பவரும் உழைக்கிறார். அவர் தோளில் கிடக்கும் துண்டும் உழைக்கிறது. ‘இந்தச் செருப்பு எத்தனை நாள் உழைக்கும்?’ என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குவது நம் நாட்டு வழக்கம். ‘நன்றாக உழைத்த குடம்’ என்று பழைய பித்தளைக் குடத்தைப் பெருமையோடு சுட்டும் மூதாட்டியரை இன்றும் காணலாம். பொருளைச் செய்தவர் உழைப்பும், அதனைக் காசு கொடுத்து வாங்கியவர் உழைப்பும் வீண்போகாதிருக்க வேண்டுமானால், அப்பொருளும் உழைத்தல் வேண்டும். இந்நீதி அவ்வழக்கினுள் பொதிந்து கிடக்கிறது.

இன்று நம் இல்லங்களில் உழைக்க வேண்டிய பொருள்களுள் முதன்மையானவை மின்கருவிகள். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கைப்பேசி என அவை பலவாகும். இவற்றைப் பற்றி எங்கும் ஒரே குறை கேட்கிறது. ‘அக்காலத்துப் பொருள் இருபது ஆண்டு உழைத்தது, இக்காலத்துப் பொருளோ உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஓய்ந்துவிடுகிறது’ என்பதே அக்குறை. இஃது எவ்வளவு உண்மை? இதற்குக் காரணம் யாது? தீர்க்கும் வழி எது? இவற்றை நடுநிலையில் நின்று ஆராய்தல் நம் கடமையாகும்.

மின்கருவி செல்வர் வீட்டு அலங்காரப் பொருள் என்று எண்ணுதல் தவறு. புதுக்கோட்டை மாவட்டம் பெரும்பாலும் வானத்தையும் கண்மாயையும் நம்பி வாழும் நாடு. இங்குள்ள சிற்றூர்களில் பகலெல்லாம் வயலில் களை எடுத்து வரும் தாய், மாலையில் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் மீண்டும் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பைக் குறைத்தவை மின்கருவிகளே. தமிழக அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கியது. ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி வட்டங்களின் எளிய குடிசைகளிலும் மின்கருவி இவ்வாறு குடிபுகுந்தது. ஆகவே, ஒரு கிரைண்டர் பழுதடைந்து மூலையில் கிடக்கிறதெனின், ஒரு பெண்ணின் தோளில் பழைய சுமை மீண்டும் ஏறுகிறது என்பதே அதன் பொருள்.

இனி, குறையின் உண்மையை ஆராய்வோம். பழைய பொருள்கள் அனைத்தும் நெடுங்காலம் உழைத்தன என்று கூறுதல் பொருந்தாது. கெட்டுப்போன பழைய கருவிகள் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டன. நன்றாக உழைத்தவையே நம் கண்முன் நிற்கின்றன. எஞ்சியவற்றை மட்டும் கண்டு எல்லாவற்றையும் புகழ்தல் அளவை நெறிக்கு ஒவ்வாது. அன்றியும், புதிய கருவிகள் சில வகையில் மேம்பட்டவை. பழைய கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. இந்நன்மைகளை மறுப்பது நன்றியின்மையாகும்.

எனினும், குறை வெறுங்கற்பனையன்று. ஜெர்மனி நாட்டின் சுற்றுச்சூழல் துறைக்காக நிகழ்ந்த ஆய்வு ஒன்று இதனை எண்களால் காட்டுகிறது. வாங்கிய ஐந்தாண்டுக்குள் பழுதடைந்து மாற்றப்பட்ட பெரிய வீட்டுக் கருவிகள், 2004ஆம் ஆண்டில் மாற்றப்பட்டவற்றுள் நூற்றுக்கு 3.5 ஆக இருந்தன. 2012ஆம் ஆண்டளவில் அவை 8.3 ஆக உயர்ந்தன. விரைவில் கெடும் கருவிகளின் பங்கு எட்டாண்டுகளில் இருமடங்குக்கு மேலாயிற்று. ஆனால் அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் கூறியது. மாற்றப்பட்ட பெரிய கருவிகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த போதே புதியதன்மேல் கொண்ட விருப்பத்தால் மாற்றப்பட்டன என்பதே அது. குற்றம் ஒருபக்கம் மட்டும் இல்லை என்பதனை இதனால் அறியலாம்.

கருவிகள் ஏன் கெடுகின்றன? மிக்சியின் உள்ளே சுழலும் மோட்டாரில் கார்பன் துண்டுகள் இரண்டு உண்டு. அவை உராய்ந்து உராய்ந்து தேயும். தேய்ந்தால் மிக்சி நின்றுவிடும். புதிய கார்பனைப் பொருத்தினால் மீண்டும் ஓடும். மின்விசிறி மெதுவாகச் சுழன்றால், கண்டென்சர் என்று மக்கள் வழங்கும் மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம். சிறு தொகையில் அதனை மாற்றிவிடலாம். கோயம்புத்தூரில் தோன்றி வளர்ந்து, புவிசார் குறியீடும் பெற்ற கிரைண்டரில் பெல்ட் தளர்ந்தால் வேறு பெல்ட் மாட்டலாம். இவை யாவும் பழுதுகளே. ஆயினும் பொருளின் முடிவுகள் அல்ல.

இக்காலத்துக் கருவிகளுள் பலவற்றின் அமைப்பு வேறு. அவற்றுள் மின்னணுச் சுற்றுகள் அடங்கிய போர்டு என்னும் பலகை உண்டு. அதில் உள்ள சிலவகை மின்தேக்கிகளுள் நீர்மம் நிறைந்திருக்கும். வெப்பம் 10 பாகை உயருந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் அறிந்த கணக்கு. சித்திரை வெயிலில் தகிக்கும் நம் ஊர் வீடுகளில், காற்றோட்டமில்லாத மூலையில் வைத்த கருவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மின்னழுத்தம் திடீரெனத் தாழ்வதும் உயர்வதும் அதனை மேலும் வருத்தும். எல்.இ.டி. விளக்கிலும் ஒளி தரும் சில்லு எளிதில் கெடுவதில்லை; அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு சுற்றே பெரும்பாலும் கெடுகிறது. அதனைப் பிரித்து மாற்ற இயலுமாயின் விளக்கு மீண்டும் எரியும். ஆனால் திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை இருக்கிறது, பிரித்தால் உடைகிறது. போர்டின் ஒரு சிறு உறுப்புக் கெட்டாலும் முழுப் பலகையையும் மாற்றச் சொல்கின்றனர். அதன் விலையோ புதுக்கருவியின் விலையை நெருங்குகிறது. உதிரி உறுப்பு வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை.

இங்குதான் நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். கருவி பழுதடைதல் குற்றமன்று; மனிதர் செய்த பொருள் எதுவும் என்றேனும் பழுதடையும். பழுது நீக்க இயலாதவாறு அதனைச் செய்து, அச்செய்தியை வாங்குவோரிடம் மறைத்தலே குற்றம்.

உற்பத்தியாளர் வேண்டுமென்றே ஆயுளைக் குறைப்பதும் உண்டோ எனச் சிலர் வினவுவர். வரலாற்றில் அதற்குச் சான்று ஒன்று உண்டு. உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் 1924ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ‘ஃபீபஸ்’ என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அதற்குமுன் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்த குண்டு விளக்குகளின் ஆயுளை 1,000 மணியாகக் குறைப்பதென அவை உடன்பட்டன. வரம்புக்கு மேல் எரியும் விளக்கைச் செய்த நிறுவனம் தண்டம் செலுத்த வேண்டியிருந்தது! ஆயுள் குறைந்த விளக்கு மிகுந்த ஒளி தரும் என்பது அவர்கள் கூறிய விளக்கம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், நன்றாக உழைக்கும் பொருளைச் செய்தவருக்குத் தண்டம் விதித்த செயலை எந்த நீதியும் ஏற்காது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அக்கூட்டமைப்பு முடிவுற்றது. எல்லா நிறுவனங்களும் இன்று இவ்வாறு சதி செய்கின்றன என்று கூறுதல் நேர்மையாகாது. விலையைக் குறைக்கும் போட்டியே பல குறைகளுக்குக் காரணமாகும். மலிவையே தேடும் நாமும் அப்போட்டிக்குத் துணை நிற்கிறோம்.

பழுது நீக்குதலை இழிவாகக் கருதாத மரபு நம்முடையது. புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசல் குடைவரையை நீங்கள் கண்டிருக்கலாம். தாமரைக் குளத்தைத் தீட்டிய அதன் ஓவியம் உலகறிந்தது. அக்கோயிலை முதலில் குடைவித்தவர் யார் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்துடையவரல்லர். ஆனால் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், அதனைப் புதுப்பித்து மண்டபம் எடுத்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் என்பதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கிறது. புதுப்பித்தலும் கல்லில் பொறிக்கத்தக்க பெருஞ்செயலென நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அண்மைக் காலத்துச் சான்றும் இம்மாவட்டத்தில் உண்டு. 1991ஆம் ஆண்டில் இங்கு எழுந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஏறிப் பிறர் துணையின்றிச் சந்தைக்கும் பணிக்கும் சென்றனர். அவ்விடுதலைக்கு மிதிவண்டி ஏற்ற கருவியாக அமைந்தது ஏன்? அதன் உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரிவன. சங்கிலி கழன்றால் கையால் மாட்டலாம். டியூபில் துளை விழுந்தால் ஒட்டலாம். எந்த ஊர்க் கடையிலும் அதற்கு உறுப்புக் கிடைக்கும். தன் கருவியைத் தானே சீர்ப்படுத்தத் தெரிந்தவர் அதற்கு உரிமையாளர் ஆகிறார். அஃது இயலாதவர், விலை கொடுத்திருந்தும், செய்தவரின் தயவில் வாழ்கிறார்.

பழுது நீக்க இயலாத பொருளால் இழப்புறுவோர் பலர். தவணையில் குளிர்பதனப் பெட்டி வாங்கிய கூலித் தொழிலாளி, தவணை முடியும் முன்பே அஃது ஓய்ந்துவிட்டால், இல்லாத பொருளுக்குக் கடன் செலுத்துகிறார். செல்வருக்குச் சிறு தொல்லையாய் முடிவது அவருக்குப் பெருந்துன்பமாகிறது. ஊர்தோறும் சிறு கடை வைத்துப் பழுது பார்க்கும் தொழிலாளர் தம் கைத்திறன் பயனின்றிப் போவதைக் காண்கின்றனர். நிலமும் இழப்புறுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22.3 பங்கே. ஈயமும் பாதரசமும் கலந்த எஞ்சிய கழிவு மண்ணையும் நீரையும் நஞ்சாக்க வல்லது.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. பிரான்சு நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல், தொலைக்காட்சி, சலவை இயந்திரம், கைப்பேசி முதலியவற்றின்மேல், பழுது நீக்க எவ்வளவு எளியது என்பதனைப் பத்துக்கு இத்தனை எனக் குறித்து விற்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரி உறுப்புகள் பத்தாண்டுக் காலம் கிடைக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமை குறித்து 2022ஆம் ஆண்டில் குழு ஒன்றை அமைத்தது. பழுதுநீக்கக் குறியீடு பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு 2025ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அறிக்கைகள் நன்று, ஆனால் அவை பொருளின்மேல் அச்சிட்ட எழுத்தாக மாறுதல் வேண்டும். மருந்துப் புட்டியின்மேல் காலாவதி நாள் இருப்பதுபோல, ஒவ்வொரு கருவியின்மேலும் ‘உதிரி உறுப்பு இத்தனை ஆண்டு கிடைக்கும்’ என்னும் உறுதிமொழி இருத்தல் வேண்டும். மின்சாரச் சிக்கனத்தைக் காட்ட விண்மீன்களைப் பொறிக்கும் நாம், ஆயுளைக் காட்டவும் ஒரு குறி பொறித்தல் அரிதன்று.

சட்டம் வரும்வரை கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை வாங்கியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிட வழி செய்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும் குறை கூறலாம். ஆனால் இரசீது இல்லாதவர் முறையீடு வலுவிழக்கும். உங்கள் வீட்டில் பொருள் வாங்கும்போது இரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பாதுகாக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணவர்களே! விலை யாது என்று கேட்பதற்கு முன், இது பிரிக்கக்கூடியதா, இதன் உறுப்பு நம் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கருவிக்குக் காற்றோட்டம் விடுங்கள். அளவுக்கு மேல் அரைத்து மோட்டாரைச் சுட விடாதீர்கள். நன்றாக இயங்கும் பொருளைப் புதுமை நாட்டத்தால் ஒதுக்காதீர்கள். பழுது பார்க்கும் தொழிலாளரை மதித்து, அவர் கை செய்வதை உற்று நோக்குங்கள். உங்களுள் நாளை பொறியாளராகி மின்கருவி அமைப்போர் சிலர் இருப்பர். அவர்கள் பசை தடவும் இடத்தில் ஒரு திருகாணியை வைப்பார்களாயின், அவர்கள் முகம் அறியாத ஓர் ஏழைத் தாயின் கிரைண்டர் மேலும் பத்தாண்டு உழைக்கும்.