உதயகிரியில் ஒரு வலிய கப்பித்தான்

புதுவயலில் பஸ் ஏறும்போது ஆலைகளில் நெல் அவியும் வாசனை. மறுநாள் காலை தக்கலையில் இறங்கியபோது காற்றே வேறு மாதிரி இருந்தது. கூட வந்தவர் எங்கள் தெரு முன்னாள் ராணுவக்காரர், தெருவுக்கே அண்ணன். அவர் கிளம்பியது பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க. புலியூர்க்குறிச்சிக்கு இழுத்துப் போனது நான்.

அங்கே உதயகிரிக் கோட்டை, இன்று வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது. மரநிழலில் உள்ளே நடந்தால் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் சிறிய மாதாகோயில். அதற்குள் ஒரு படைத்தலைவரின் கல்லறை. கல்லில் லத்தீன் எழுத்தும் உண்டு, தமிழ் எழுத்தும் உண்டு. அந்தத் தமிழுக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அந்தப் படைத்தலைவர் டிலனாய், நமக்கு எதிரியாக வந்தவர். டச்சுக் கம்பெனியின் படையில் அதிகாரி. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் தோற்றுக் கைதியானார். அரசர் அவரைக் கொல்லவில்லை. தன் வீரர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்க வைத்தார். அவரும் மனம் வைத்து உழைத்தார். கோட்டையைப் புதுப்பித்தார், பீரங்கி வார்த்தார், வடக்கே நெடுங்கோட்டை என்ற நீண்ட அரணைப் பலப்படுத்தினார். 1789-ல் திப்புவின் படை வந்து மோதியது அந்த அரணில்தான். அதற்குள் இவர் இறந்து பன்னிரண்டு வருஷம். திருவிதாங்கூர் அவருக்குக் கொடுத்த பட்டம் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி. தன்னைச் சிறைபிடித்த நாட்டுக்கு ஏறக்குறைய 37 வருஷம் சேவகம் செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இறந்தது 1777 ஜூன் 1, வயது 62.

கிறிஸ்தவர் என்பதால் அரண்மனைக்குள் அவரை விடவில்லை, அதனால்தான் இந்தக் கோட்டையிலேயே குடியிருந்தார் என்று சொல்வார்கள். படையை ஒப்படைத்தவர்கள் வாசலைத் திறக்கவில்லை என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்று அதைவிடக் கனமானது. அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்தவ வேதம் சொல்லிக் கொடுத்தவர் டிலனாய். பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் திருவிதாங்கூர் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அன்று சுட்ட அரசின் படைக்கு டிலனாய் மேலும் 25 வருஷம் தலைமை தாங்கியிருக்கிறார். அந்த ஜனவரி இரவில் இந்தக் கோட்டைக்குள் அவர் எப்படி உறங்கியிருப்பார்? கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அண்ணன் அதற்குள் பக்கத்துக் கல்லறைக்குப் போயிருந்தார். அது மகன் ஜானுடையது. 1765-ல் களக்காட்டுச் சண்டையில் இறந்தபோது பையனுக்கு ஏறக்குறைய இருபது வயது. மனைவி மார்கரெட்டும் அங்கேதான் உறங்குகிறார்.

"மகனை முன்னால அனுப்பிட்டு, இந்த மனுசன் பன்னெண்டு வருசம் இருந்திருக்காரு தம்பி" என்றார். விரலை மடக்கி எண்ணியிருக்கிறார்.

"ஆமாண்ணே."

"அதுக்கப்புறமும் விடியக்காலம் எந்திரிச்சு அணிவகுப்புக்குப் போயிருப்பாரு. போகாம இருக்க முடியாது."

நம் பக்கம் கருப்பர் கோயிலில் அரிவாள் நட்டு வீரனைக் கும்பிடுகிறோம். பழைய நாளில் நடுகல் நட்டார்கள். பிறந்த ஊர் எங்கோ இருக்க, இந்த மனிதருக்கும் நம் எழுத்தைப் பொறித்து ஒரு கல் வைத்திருக்கிறார்கள். கூரையில்லாத அந்த இடத்தில் வெயிலும் மழையும் நேராக எழுத்தின் மேல் விழுகின்றன. அதற்கு ஒரு நிழல் வேண்டும். கேட்க வேண்டியவர்களுக்கு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன்.

வெளியே வரும்போது அண்ணன் வாசலருகே நின்றார். திரும்பிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி உள்ளே போனார். நான் மதிலோரம் காத்திருந்தேன்.