தங்காளைச் சாதாரணப் பெண்ணாக்கச் சொல்பவருக்கு

பொன்னர் சங்கர் கூத்தில் அந்த அண்ணன்மாரின் தங்கை தங்காளுக்கு உள்ள தெய்வசக்தியைக் கழித்துவிட்டால்தான் மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள் கூத்துப் பக்கம் வருவார்கள் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அனிமே பார்த்து வளரும் தலைமுறையிடம், நடக்கப்போவதைக் கனவில் காண்கிறவளும் மாண்டவரை எழுப்புகிறவளும் எடுபடமாட்டாளாம். பசறையிலோ மடுல்சீமையிலோ கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் ‘என்ன பார்க்கிறாய்?’ என்று கேட்டிருந்தால் இதை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

அந்தப் பிள்ளை பார்ப்பது, பேயாக மாறிவிட்ட தங்கை நெசுகோவை முதுகில் சுமந்து திரியும் அண்ணனின் கதை. அதைப் போலவே, மிசுகி ஷிகெரு படைத்த கிட்டாரோ கதையில் பாதி மனுஷி, பாதி பூனையாக நெகோ முசுமே வருகிறாள். 1968 தொடங்கி 2018 வரை அந்தக் கதை ஆறு தடவை தொலைக்காட்சித் தொடராயிற்று. சின்னஞ்சிறுமியாக இருந்தவள் 2018இல் நெடுநெடுவென்று வளர்ந்த யுவதியானாள். உடையும் சாயலும் மாறின. கோபம் வந்தால் நகம் நீண்டு முகம் பூனையாவதை மட்டும் எவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் கிட்டாரோவுக்கு இன்னொரு தோழி, அவ்வளவுதான்.

தங்காள் மட்டும் மாறாமலா இருந்தாள்? கொங்கு நாட்டில் உடுக்கையடிப் பாட்டில் இருந்தவள், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த சனங்களோடு மலையேறினாள். இங்கே ஆண்கள் சேலை கட்டி அவளாக ஆடினார்கள். அங்கே காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் ஒலிப்பதிவு செய்த கதை, பின்னாளில் 26 பாக அசைபடமாகவும் சித்திரக்கதையாகவும் வந்தது. கட்டுரையாளர் கொண்டாடுவது கலைஞர் கருணாநிதியின் சரித்திர நாவலையும், அதைத் தழுவி 2011இல் வந்த தியாகராஜனின் படத்தையும். படத்தில் யாருக்கு இடம் இருந்தது? இரட்டை வேடம் போட்ட பிரஷாந்துக்கு. தங்கை ஓரத்தில் நின்றாள்.

கட்டுரையாளருடைய யோசனையின் கேடு இங்கேதான் இருக்கிறது. தங்காள் கன்னிமார் தெய்வங்களில் இளையவளின் பிறப்பு. அண்ணன்மாரின் முடிவை முன்னமே கண்டவள். அவர்கள் மாண்டதும் அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு, தன்னந்தனியாக வனத்தில் நடந்து படுகளத்தைத் தேடிப் போகிறாள். உடன் வர மறுத்த அண்ணிமாரும் அந்தத் தீயில்தான் போகிறார்கள். அந்தக் கொடூரத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. கடைசியில் விழுந்து கிடப்பவர்களைக் கொஞ்ச நேரத்துக்காவது எழுப்பிப் பேசவைக்கிறாள். இத்தனையையும் மூடநம்பிக்கை என்று உருவி எடுத்தபின் அவள் கையில் எஞ்சுவது ஒப்பாரி. பெண்ணை முன்னேற்றுகிறேன் என்று புறப்பட்டவர், கதையிலேயே பலமான பெண்ணை அழுகிற தங்கச்சியாக்கி மூலையில் உட்காரவைக்கிறார். இதைப் பகுத்தறிவு என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

படுகளத்தில் விழுந்தவர் மேல் தங்காள் தீர்த்தம் தெளிக்கும்போது லயத்துச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் கண்டதில்லை போலும். கண்டவர் எவரும் அந்த இடத்தில் கத்தி வைக்கத் துணியமாட்டார்.

பிள்ளைகள் வராததற்குக் காரணம் தங்காள் அல்ல. கூத்தாட வேண்டிய இளைஞர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் தோட்ட வேலைக்கான பெரட்டுக்கு நிற்க எவராலும் முடியாது. பாட்டு முழுவதும் தெரிந்த மாஸ்டர்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பதிந்து வைக்க ஆள் இல்லை. இவற்றில் ஒன்றைப் பற்றியும் அந்தக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. தங்காளை நமுனுகுலை மலைச்சரிவில் அனிமேயாக வரைய நினைக்கும் பிள்ளை தாராளமாக வரையட்டும். சேலையை மாற்றட்டும், வயதை மாற்றட்டும், கையில் கைபேசியைக் கூடக் கொடுக்கட்டும். எதை வெட்ட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இந்தக் கட்டுரையாளர் தேவையில்லை.