மணமும் மரபும்

பாரிசு நகரில் வாழும் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் ஊர் வந்தபோது என் மேசைமீது சிறு போத்தல் ஒன்றை வைத்துச் சென்றார். முப்பது மில்லிலீற்றர் வாசனைத் திரவியம். அதனைக் கண்ட உடனாசிரியர் ஒருவர், "பண்டிதருக்குச் சென்ற் எதற்கு?" என்று நகைத்தார். யானும் உடன் நகைத்தேன். ஆயினும், அப்போத்தலைச் செய்தோரின் வரலாற்றைத் தேடிப் படித்தபின், மரபைப் பேணுதலே தொழிலாகக் கொண்ட நம்மனோர்க்கு அதில் ஆராயத்தக்க பொருள் உண்டெனக் கண்டேன்.

பிரான்சு தேசத்து வாசனைத் தொழிலிலே பெரும்பெயர் கெர்லேன் என்பது. 1828ஆம் ஆண்டில் பியர் பிரான்சுவா பஸ்கால் கெர்லேன் பாரிசிலே கடை திறந்தார். அவர் மகன் ஏமே 1889இல் 'ஷிக்கி' என்னும் வாசனையை அமைத்தார். ஏமேயின் சகோதரன் மகன் ஷாக் 1925இல் 'ஷாலிமார்' என்பதனை வெளியிட்டார். ஷாக்கின் பேரர் ஷான் போல் அவ்வழியில் நின்றார். சூத்திரம் எழுதிய நால்வரும் ஆடவர். 1994இல் அந்நிறுவனம் எல்.வி.எம்.எச். என்னும் பெருங்குழுமத்தின் கைக்குச் சென்றது. பெயர் நின்றது, உடைமை பெயர்ந்தது.

அக்குடும்ப வழியிலே பிறந்த பெண்மணி பத்திரீசியா த நிக்கொலாய். அவர் வெர்சாய் நகரத்து வாசனைக் கல்லூரியிலே முறையாகப் பயின்றார். மூலப்பொருட் கம்பனிகளிலே பணியாற்றினார். 1989இல் தம் கணவருடன் சேர்ந்து பாரிசிலே தனி நிறுவனம் தொடங்கினார். கெர்லேன் என்ற புகழ்ப்பெயர் அவர் கடைப்பலகையில் ஏறவில்லை. என் மேசைமீதிருந்த போத்தல் அந்நிறுவனத்தது.

இதன் சிறப்பை உணர, இன்றைய வாசனைகளுட் பெரும்பாலன பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். பெயர்பெற்ற ஆடைக் கம்பனி ஒன்று தனக்கு வேண்டிய மணத்தின் குறிப்பை எழுதி, சுவிற்சர்லாந்தின் ஷிவோடான் போன்ற பெருங் கம்பனிகளுக்கு அனுப்பும். அங்கே சம்பளத்துக்குப் பணிபுரியும் கலைஞர்கள் போட்டியிட்டு மாதிரிகள் அமைப்பர். வாங்குவோர் பலரை முகரச் செய்து கருத்துக் கேட்பர். எவரும் வெறுக்காதது எதுவோ அதுவே பெரும்பாலும் தேர்வு பெறும். சூத்திரம் பெரும்பாலும் அமைத்த கம்பனியிடமே தங்கும். போத்தலிலே பிறிதொருவர் பெயர் விளங்கும். எவரும் வெறுக்காத கட்டுரையை எழுதும் மாணாக்கனை நாம் அறிவோம். அதனை மீண்டும் படிக்க விரும்புவாரும் இலர்.

நிக்கொலாய் நிறுவனத்திலோ, சூத்திரம் எழுதியவர் பெயரே போத்தலில் நின்றது. கலவையும் ஓர்லேயன் நகரை அடுத்த சொந்தத் தொழிற்கூடத்திலே செய்யப்பட்டது. அதனாலேயே அந்நிறுவனத்துக்கு ஒரு நடை அமைந்தது. 1989இல் வெளிவந்த 'நியூ யோர்க்' என்னும் வாசனையை எடுத்துக்கொள்வோம். முதலிலே எலுமிச்சை இனத்தின் துலக்கம். இடையிலே கராம்பு முதலியவற்றின் காரம். கடையிலே வனிலாவும் பிசினும் கூடிய 'அம்பர்' என்னும் கூட்டின் வெம்மை. எழுவாய் பயனிலையைத் தேடிச் செல்வதுபோல முதல் மணம் கடை மணத்தைத் தேடிச் செல்கின்றது. கைக்குட்டையிலே ஒரு துளி இட்டு மறுநாட் காலை முகர்ந்தேன். வாக்கியம் முடிந்த நிறைவு அதில் இருந்தது. கெர்லேன் முன்னோரின் இலக்கணம் இதுவே என்பர் அத்துறை வல்லோர். இலக்கணம் பழையது, வாக்கியம் புதியது.

அங்ஙனமாயின், குருதி வழியே கலை வருமோ என ஒருவர் வினவலாம். வாராது என்பதே என் துணிபு. கெர்லேன் நிறுவனத்திலேயே 2008இல் வாசனைப் பொறுப்பை ஏற்ற தியெரி வாஸர் அக்குடும்பத்தவர் அல்லர். எனினும் ஷான் போலின் அருகிருந்து கற்றவர். பத்திரீசியா அம்மையாரும் பிறந்தமையால் மாத்திரம் கலைஞராகவில்லை. கல்லூரி வாங்கிலே அமர்ந்து ஆயிரம் மணங்களை மனனஞ் செய்தே ஆயினார். குடும்பம் உடைமையைத் தரலாம். பயிற்சியே மரபைத் தருவது. இரண்டும் ஓரிடத்தே கூடும்போதுதான் 'குடும்ப நிறுவனம்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகின்றது.

மரபு என்பது பழைமையைக் கட்டிக் காப்பதே என்று கருதுவாரும் உளர். அவர்க்கு 'ஷிக்கி' விடை கூறும். இரசாயன கூடத்திலே அக்காலத்துப் புதிதாய்ச் செய்யப்பட்ட வனிலினையும் கூமரினையும் ஏமே தயங்காது அதிற் சேர்த்தார். இன்று பழைமைக்கு உதாரணமாய்க் காட்டப்படும் அது, பிறந்த நாளிலே புதுமை.

ஆயின், தனி நின்ற சிறு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெருங்குழுமங்களைச் சேர்கின்றன. ஆனிக் குத்தால் அம்மையார் 1981இல் தொடங்கிய நிறுவனம் 2011இல் கொரியக் கம்பனி ஒன்றன் கைக்குச் சென்றது. பிரெதெரிக் மால் தொடங்கியது 2014இலும், பிரான்சிஸ் குர்க்ஜான் தொடங்கியது 2017இலும் பெருங்குழுமங்களை அடைந்தன. விற்றவரை நான் பழித்திலேன். முதலும் சந்தையும் அவர்க்கு வேண்டியிருந்திருக்கலாம். வாங்கியவர் எல்லாம் கெடுப்பர் என்பதும் நியாயமன்று. 'ஷாலிமார்' இன்றும் விற்கப்படுகின்றது. ஆனால், கணக்கன் சூத்திரத்தைத் திருத்த வரும்போது 'வேண்டா' என்று சொல்லும் உரிமை எவரிடம் உண்டு என்பதே கேள்வி. விலையுயர்ந்த சரக்கு ஒன்றை நீக்கி மலிவானதைச் சேர்த்தால் பெரும்பாலோர் அறியார். அறிபவர் ஒருவர் வீட்டிலே இருந்து, அவர் சொல்லும் செல்லுமாயின், அந்நிறுவனம் பிழைக்கும்.

1990இல் வெர்சாயிலே 'ஓஸ்மோதெக்' என்னும் வாசனைக் காப்பகம் நிறுவப்பட்டது. 2008ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டு அதற்குத் தலைமை தாங்கியவரும் பத்திரீசியா அம்மையாரே. அங்கே வாசனைகள் பன்னிரண்டு பாகைக் குளிரிலே, ஆர்கன் வாயுவின் காப்பிலே வைக்கப்பட்டுள்ளன. சந்தையில் மறைந்த 1882ஆம் ஆண்டின் 'பூஷேர் றுவயால்', 1917ஆம் ஆண்டின் 'ஷீப்ரு' ஆகியன சூத்திரங் கொண்டு மீளச் செய்யப்பட்டு அங்கே உள்ளன. ஏடு இருந்தது, ஏட்டைப் படித்துச் செய்யும் கையும் இருந்தது. ஆதலின் மாண்டது மீண்டது.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிற் சென்று நின்றது. மாதவி நீராடிய பத்துத் துவரையும் ஐவகை விரையையும் முப்பத்திருவகை ஓமாலிகையையும் உரையாசிரியர் பெயர் சொல்லி எண்ணிவைத்தார். வகுப்பிலே அப்பெயர்களை யானும் ஒப்புவிக்கச் செய்கின்றேன். பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கர்க்குப் புள்ளியும் இடுகின்றேன். ஆயின் அவற்றுட் பாதியை முகர்ந்தறியாதவன் யான், மாணாக்கரும் அத்தன்மையரே. பட்டியலை நாம் காத்தோம், கையை இழந்தோம்.

பண்டிதருக்குச் சென்ற் எதற்கு என்ற நண்பருக்கு இப்போது விடை கூறுவேன். அடுத்த முறை அக்காதையை நடத்தும்போது சந்தனக்கட்டையும் இலாமிச்சை வேரும் வகுப்பிற்கு வரும். பெயரைச் சொல்லுமுன் மாணாக்கர் முகரட்டும்.