1906-இல் மூடிய கதவும் நம் கடைச் சீட்டும்



ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி முடிந்த கையோடு நம் பகுதிக் கடைகளில் அடுத்த தீபாவளிக்கான சீட்டு அட்டைகள் எழுதப்படுகின்றன. மீஞ்சூர், வள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என எங்கு பார்த்தாலும், ஆலைக்குப் போகும் தொழிலாளியின் வீட்டிலிருந்து மாதம் ஒரு தொகை நம் கல்லாவுக்கு வந்து சேருகிறது. பன்னிரண்டு மாதம் கழித்து எண்ணெய், சர்க்கரை, பருப்பு, இனிப்பு என்று அதைத் திருப்பித் தருகிறோம். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் முன், 1906-ஆம் ஆண்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

அது உலகமே குலுங்கிய ஆண்டு. ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் அதைத் தொடர்ந்த தீயாலும் அழிந்தது. இழப்பீட்டில் ஒரு பெரிய பங்கைப் பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. தங்கம் கடல் கடந்தது. லண்டனில் பணம் இறுகியது. அக்டோபரில் இங்கிலாந்து வங்கி தன் வட்டியை 6 சதவீதமாக உயர்த்தியது. எங்கோ பற்றிய தீயின் சூடு பணச் சந்தை முழுவதும் பரவியது.

அந்த அக்டோபரில் தமிழகத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்று தூத்துக்குடியில். வ.உ.சிதம்பரம் பிள்ளை முன்னின்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். சிறு வணிகரும் பங்கு வாங்கக்கூடிய ஏற்பாடு அது.

மற்றொன்று சென்னையில். பாரி, பின்னி ஆகியவற்றோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்ட ஆர்பத்நாட் கம்பெனி, அக்டோபர் 22 திங்கட்கிழமை கதவை மூடியது. ஜமீன்தார் முதல் ஓய்வூதியக்காரர், கைம்பெண் வரை அங்கே பணம் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி, தலைமுறை தலைமுறையாக நடப்பது, முதலாளி சர் பட்டம் பெற்றவர் என்பதே அவர்களுக்குப் போதுமான ஜாமீனாக இருந்தது. உள்ளே பார்த்தால், நம்பிப் போட்ட பணம் லண்டன் பங்காளியின் ஊக வியாபாரத்திலும் வேறு பல முதலீடுகளிலும் முடங்கிக் கிடந்தது. அந்த லண்டன் பங்காளியான மக்ஃபேடியன் இரண்டு நாள் முன்னதாகவே தற்கொலை செய்துகொண்டார். சென்னை முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆனால் முதலாளி சிறைக்குப் போனதால் முதல் போட்டவனுக்கு முழுப் பணம் திரும்பிவிடுமா?

அந்த இடிபாட்டிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்க்கு நம்மவரே நடத்தும் வங்கி வேண்டும் என்று முனைந்தார். நகரத்தார் முதலிய வணிகர்கள் கை கொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. இன்று நம்மில் பலர் அதே வங்கியில்தான் கணக்கு வைத்திருக்கிறோம்.

வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியும் நிலைக்கவில்லை. போட்டியாக இருந்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது, 1908-இல் வ.உ.சி. சிறை வைக்கப்பட்டார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இருந்தும் தூத்துக்குடித் துறைமுகமே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆர்பத்நாட்டின் பெயரோ மோசடிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரண்டிலும் பணம் போனது உண்மை. வியாபாரத்தில் நஷ்டம் வரலாம், அது குற்றமல்ல. பிறர் பணத்தை அவருக்குத் தெரியாமல் நம் பணம்போல் புழங்குவதே குற்றம். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது வணிகனுக்காகவே என்று தோன்றுகிறது.

இனி நம் கடைக்கு வருவோம். "நாம் என்ன ஆர்பத்நாட்டா? மளிகைச் சீட்டுத்தானே, கடையை விட்டு எங்கே ஓடப்போகிறோம்?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கம்பெனியும் ஓடுவதற்காகப் பணம் வாங்கவில்லை. கைக்கு வந்த பணத்தைத் தன் முதலோடு கலந்தது, அங்கேதான் சறுக்கியது. சீட்டுப் பணத்தில் சரக்குக் கொள்முதல் செய்கிறோம். சரக்கைக் கடனுக்குக் கொடுக்கிறோம். ஆலையில் சம்பளம் தாமதமானால் கடன் வசூலாவதில்லை. ஐப்பசி பிறந்ததும் அட்டையை நீட்டும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வோம்? இன்னும் சிலர் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு அந்தப் பணத்தை வெளியில் சுழற்றுகிறார்கள். 1990-களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்ததையும், அதன் விளைவாக 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும் நாம் மறக்கலாகாது.

எனவே நம் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறோம். சீட்டுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கடைக் கணக்கோடு அது கலக்கவே கூடாது. வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் அட்டையிலும் பேரேட்டிலும் பதிவு வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் நம் சீட்டைப் பற்றி என்ன சொல்கின்றன என்று தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அடுத்த அட்டையை அச்சடிக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்யும் சங்கம் தானும் விலக்கல்ல. சங்க நிதியின் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதையும் நாமே முதலில் கோருகிறோம்.

வானளாவக் கிளைக்கும் பெரிய அங்காடிகளோடும் கைப்பேசி வியாபாரத்தோடும் விலையில் நம்மால் எல்லா நாளும் போட்டியிட முடியாது. நம்மிடம் இருக்கும் பெரிய முதல், "அண்ணாச்சி கடையில் கொடுத்தால் பத்திரம்" என்று ஒரு தொழிலாளி சொல்லும் அந்தச் சொல் ஒன்றுதான். அதைக் கல்லாவில் உள்ள பணத்தைவிடக் கவனமாகக் காப்போமாக.