ஈட்டுறுதியும் வீட்டுறுதியும்

தமிழில் 'உறுதி' என்னுஞ் சொல்லுக்குத் திண்மை, நன்மை, துணிவு எனப் பொருள்கள் பல. ஈழத்தில் வாழும் நாம் காணியுரிமையைக் காட்டும் பத்திரத்தையும் 'உறுதி' என்றே வழங்குகின்றோம். எழுத்து உறுதியாயின் இருப்பும் உறுதியாகும் என்னும் எண்ணத்தால் எழுந்த வழக்குப் போலும். ஆயினும், படித்தறியாது ஒப்பமிட்ட ஓர் உறுதியே ஒரு குடும்பத்தின் இருப்பைக் குலைத்துவிடுதலும் உண்டு. வீட்டை ஈடு வைப்போர் சட்டத்தரணியை நாடவேண்டிய காலம் எது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். ஏல அறிவித்தல் வந்த பின்னர் நாடுதல் பெருவழக்கு; ஒப்பமிடுதற்கு முன்னர் நாடுதலே அறிவுடைமை என்பது எமது துணிபு.

மட்டக்களப்பு நாட்டில் இப்பொருள் தனிக் கனமுடையது. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு பெண்மக்கட்குரியது. தாய் வாழ்ந்த வீட்டையோ, தந்தை புதிதாகக் கட்டிய வீட்டையோ மகள் சீதனமாகப் பெறுவாள்; மருமகன் அங்கு வந்து குடிபுகுவான். தாய்வழியுரிமையைப் போற்றிய முக்குவர் சட்டத்தைப் பிறிற்றோ என்பார் 1876இல் நூலாக வெளியிட்டார். அச்சட்டம் நீதிமன்றங்களில் வழக்கிழந்து நெடுங்காலமாயிற்று. சீதன வீட்டு வழக்கமோ இன்றும் நின்று நிலவுகின்றது. ஆகலின் இங்கு ஒரு வீடு ஏலம் போதல் ஒருவர் செல்வங் குறைதலோடு முடிவதன்று. தாயும் மகளும் பேர்த்தியும் காலூன்றிய நிலமே நழுவுதலாகும்.

கடனோ பெரும்பாலும் ஆடவர் பட்டது. மாரி வேளாண்மை பொய்த்தது, உழவு இயந்திரம் வாங்கியது, கடைமுதல் கரைந்தது, வெளிநாட்டுப் பயணத்திற்கு முகவரிடங் கொடுத்தது எனக் காரணங்கள் பல. கணவன் பட்ட கடனுக்கு மனைவியின் வீடு தானாகப் பொறுப்பாவதில்லை. மணமான பெண்களின் ஆதனம் பற்றிய 1923ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவள் ஆதனத்தை அவளுக்கே உரியதாக்கியது. அவள் கையொப்பமே அவ்வீட்டைக் கடனுக்குட் கொண்டுவருகின்றது. கடன் கொடுப்போர் இதனை நன்கறிவர். ஒப்பமிடுபவளே பெரும்பாலும் அறியாள். “இதில ஒரு ஒப்பம் வை, புள்ள” என்ற ஒரு சொல்லில் அவள் தாய் தந்த வீடு கைம்மாறும் வழி திறந்துவிடுகின்றது.

அவள் ஒப்பமிடும் பத்திரம் எத்தகையது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்றலும் ஈடு வைத்தலும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன், எழுத்தில் நிகழ்தல் வேண்டும். எழுதப்பட்டது ஈட்டுறுதியாயின் வீடு உடையவருக்கே உரியது. கடன் தீராவிடின், தனியார் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு, அதன் கட்டளையாலேயே வீட்டை விற்பித்தல் வேண்டும். “தவணை தப்பினால் வீடு எனக்கே” என ஈட்டுறுதியில் எழுதிக்கொண்டாலும், நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் அந்நிபந்தனையை ஏலாது.

இத்தடையைக் கடக்க உதவுவதே நிபந்தனை உறுதி. கடன் கொடுப்பவர் வீட்டை விலைக்கு வாங்கியதாகவும், குறித்த காலத்துள் முதலும் வட்டியுங் கொடுபடின் திருப்பி எழுதிக்கொடுப்பதாகவும் அதில் வரையப்படும். பேச்சிற் கடன், எழுத்தில் விற்பனை. நாள் தப்பினால் மீட்கும் உரிமையும் தப்பும். இதனினுங் கொடியது நிபந்தனையே எழுதாத அறுதியுறுதி. திருப்பித் தருவேன் என்ற வாக்கு வாயளவில் நிற்க, எழுத்து உறவை அறுத்துவிடும்.

இவற்றிற்கும் பரிகாரம் இல்லாமலில்லை. 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் தோன்றிய கடன் இணக்கச் சபை நிபந்தனை உறுதிகளையும் விசாரிக்கும். ஆனால் மீட்புக் காலம் முடியுமுன்பே விண்ணப்பித்தல் வேண்டும். அறுதியுறுதிக்கு, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்து 83ஆம் பிரிவு துணையாகலாம். எழுதிக்கொடுத்தவரே பின்னும் வீட்டிற் குடியிருந்தாரா, உறுதிச் செலவை அவரே கொடுத்தாரா, எழுதிய விலை உண்மைப் பெறுமதிக்கு மிகக் குறைந்ததா என நீதிமன்றங்கள் நோக்கும். எனினும் அத்தகைய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவன. ஒப்பமிடுமுன் சட்டத்தரணியிடங் கழிக்கும் ஒரு முற்பகல் அவ்வாண்டுகளை மிச்சப்படுத்தும்.

வங்கிக்கடன் வேறொரு வகையது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால், வங்கிகள் நீதிமன்றத்தை நாடாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மேல் ஈட்டுச் சொத்தை ஏலமிடும் அதிகாரம் பெற்றன. இதனையே மக்கள் 'பராட்டே' என்பர். தீர்மானத்தை வர்த்தமானியிலும் மும்மொழி நாளிதழ்களிலும் வெளியிட்டுக் கடனாளிக்கும் அனுப்புதல் வேண்டும்; ஏல நாளை 14 நாட்களுக்கு முன்னரேனும் அறிவித்தல் வேண்டும்; ஏலத்தின் முன் நிலுவையுஞ் செலவுஞ் செலுத்தப்படின் விற்பனை நிற்கும். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்றொகை 50 இலட்சம் ரூபாவிற்குக் குறைந்த கடன்களை இம்முறையினின்றும் விலக்கியது. பொருளாதார நெருக்கடியின் பின், 2024இல் இவ்வதிகாரம் டிசம்பர் 15 வரை நிறுத்திவைக்கப்பட்டது; அந்நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. அந்நாளுங் கடந்தது. இவ்விதிகளுள் எது எவர் கடனுக்குப் பொருந்தும் என்பதை, பத்திரத்தைக் கையில் வைத்து ஆராய்ந்து கூறவல்லவர் சட்டத்தரணியே. ஆகவே வங்கியின் கடிதங் கிடைத்த நாளிலேயே அவரிடஞ் செல்லுதல் வேண்டும். கடிதத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதால் ஏல நாள் தள்ளிப்போவதில்லை.

இனி, எவருடைய சட்டத்தரணி என்பது கேள்வி. ஈட்டுறுதி எழுதுபவரைப் பெரும்பாலுங் கடன் கொடுப்பவரே தெரிந்தெடுப்பர். கூலியோ கடன் வாங்குபவர் தலையில் விழும். கூலி கொடுத்தமையால் அவர் நம்மவராயினார் என எண்ணுதல் மயக்கம். முன்னாளில் அப்புக்காத்து, பிரக்கிராசி என இரு வகையினராயிருந்தோர் 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தாற் சட்டத்தரணிகள் என ஒரு வகையினராயினர். பெயர் மாறினும், “இவர் எந்தப் பக்கத்துப் பிரக்கிராசி?” என்ற நம் பாட்டன்மாரின் கேள்வி பழுதுபடவில்லை. வீட்டுக்காரி தனக்கென ஒருவரைத் தனியே அமர்த்துதல் வேண்டும். கணவனோ தரகரோ இல்லாதவிடத்து அவரோடு பேசுதல் வேண்டும். இது விற்பனையா ஈடா? வட்டி எவ்வாறு பெருகும்? தவணை தப்பின் என்ன நேரும்? காணிப் பதிவகத்தில் முன்னைய ஈடு ஏதும் பதிந்துள்ளதா? கடன் தீர்ந்த பின் ஈடு நீங்கியமையைப் பதிவிப்பவர் யார்? இவ்வைந்து கேள்விகட்கும் அவள் மொழியில் விடை பெற்றாலன்றி ஒப்பமிடலாகாது.

பணத்திற்கு எங்கே போவது எனச் சிலர் வினவுவர். வறியோர்க்கு உதவவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தாற் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. வேறு சிலர், “ஊரவர் ஒருவரிடம் வாங்குங் கடனுக்குச் சட்டத்தரணியைக் கூட்டிச் செல்லுதல் அவரை ஐயுறுதல் அன்றோ?” என்பர். இவர்கட்குப் பெரியபுராணத்தை நினைவூட்டுவேம். சுந்தரரைத் தம் அடிமையென உரிமை பேசி ஓலையோடு வந்தவர் முதிய வேதியர் வடிவில் வந்த இறைவன். ஆயினும் திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அவர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மூலவோலையைக் காட்டுமாறு கேட்டனர். பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புரைத்தனர். இறைவன் கொணர்ந்த ஓலையே ஆராய்ச்சிக்கு உட்பட்டதெனின், வட்டிக்குக் கொடுப்பவர் கொணரும் ஓலையை ஆராய்தல் எங்ஙனங் குற்றமாகும்? ஆராய நாணுவோரைவிட, ஆராய்வதை வெறுப்போரையே அஞ்சுதல் வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. ஊரில் ஒரு தாள் வந்தால் அதனைப் படித்துக் காட்ட நம்மிடமே கொணர்வர். பிணைக்கு ஒப்பமிடவும் நம்மையே அழைப்பர். வாசித்துக் காட்டுதல் நம் கடன். சட்டங் கூறுதல் நம் தொழிலன்று. ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தின் பொருளை உத்தேசமாகச் சொல்லி, “பயமில்லை, வையுங்கோ” எனக் கூறுவது நன்மை போலத் தோன்றுந் தீமை. “தமிழிற் கேளுங்கள், சட்டத்தரணியிடங் கேளுங்கள், நாளைக்கு ஒப்பமிடலாம்” என்று கூறுதலே நாம் செய்யத்தக்க உதவி. உயர்வகுப்பு மாணவர்க்குக் கடிதமுங் கட்டுரையுங் கற்பிக்கும் நாம், ஓர் ஈட்டுறுதியின் மாதிரியையும் வகுப்பிற் படிப்பித்தாற் குறைவதொன்றுமில்லை. அவ்வகுப்பிலிருக்கும் பெண்பிள்ளைகளுட் பலர் நாளை ஒரு வீட்டுறுதிக்கு உரியவராவர். அதன்மேல் எவரேனும் ஒப்பங் கேட்கும் நாளும் வரும். அன்று, “வாசித்துப் பார்த்துத்தான் வைப்பேன்” என்று சொல்லும் வன்மை அவர்கட்கு நம் வகுப்பறையிலேயே வாய்த்தல் வேண்டும்.