நெற்றிக்கு ஏறாத கண்ணாடி



எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் மலைகளிலும் இறக்குவானை, பலாங்கொடைத் தேயிலை மலைகளிலும் புல்வெட்டும் மெஷினின் சத்தம் பழகிப்போன ஒன்று. 2015இல் கிளைபொசேட் களைகொல்லிக்குத் தடை வந்தபோது மண்வெட்டியும் மெஷினும்தான் கைகொடுத்தன. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்ந்த பிறகும் மெஷின் மலையை விட்டு இறங்கவில்லை. அதைத் தோளில் மாட்டி நிற்கும் தம்பிமாரின் கண்களைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறேன்.

சுழலும் தகட்டில் பட்ட பொடிக்கல் இமை மூடும் முன்பே முகத்துக்கு வந்துவிடும். புல்லின் துணுக்கு கருவிழியைக் கீறினால் காயம் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் இலையிலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சை அதில் புகுந்துவிட்டால் கருவிழி புண்ணாகி, வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வையே போகலாம். மருந்து அடிப்பவர்களுக்கும், இறப்பர் பாலை உறையவைக்க போமிக் அமிலம் கலப்பவர்களுக்கும், இரத்தினபுரியில் கல் பட்டை தீட்டுபவர்களுக்கும் கண்தான் முதல்.

கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுவதில்லை என்று தோட்டங்களில் குறை சொல்வார்கள். சபரகமுவவின் ஈரக்காற்றில் வியர்வை வழிய மேடு ஏறினால் சற்று நேரத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடுகிறது. கால் வைக்கும் இடம் தெரியாதபோது அதை நெற்றிக்கு ஏற்றத்தானே செய்வார்கள்? பனிச்சறுக்கு விளையாடுபவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 1965இல் பொப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல்வைத்தியர் இரட்டை வில்லையும் காற்று போய்வரும் பஞ்சு ஓரமும் வைத்து அதற்கு வழி கண்டார். நம் மலைக்கும் ஆவி படியாத கண்ணாடிதான் வேண்டும்.

வாங்கும்போது முதலில் வில்லையைப் பாருங்கள். பொலிகாபனேற்று வில்லை எளிதில் நொறுங்காது. வெயிலின் புறஊதாக் கதிரையும் தடுக்கும். ‘ஈஎன் 166’ என்ற ஐரோப்பியத் தர முத்திரையோடு ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், நொடிக்கு 45 மீற்றர் வேகத்தில் வரும் 6 மில்லிமீற்றர் உருக்குக் குண்டைத் தாங்கியது என்று பொருள். ‘பி’ என்றால் 120 மீற்றர். ‘என்’ இருந்தால் ஆவி படியாத பூச்சு உண்டு.

அடுத்தது காற்றுத்துளை. புல் வெட்டுபவருக்கு நேர்துளை உள்ள கண்ணாடி இதமாக இருக்கும். மருந்தும் அமிலமும் தொடுபவருக்கு அது ஆகாது. துளி உள்ளே போகாதபடி மறைத்த துளை வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் உள்ள ‘3’ என்ற இலக்கம் அதற்கான அடையாளம். வலை முகமூடி மட்டும் போட்டால் பொடித்துகள் வலைக்குள் புகுந்துவிடும். அதன் உள்ளேயும் கண்ணாடி தேவை.

மூன்றாவது பொருத்தம். மாட்டிக்கொண்டு குனியுங்கள், தலையை அசையுங்கள். கன்னத்தருகே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் அதையும் போட்டபடியே பொருத்திப் பார்க்க வேண்டும். சேற்றுத் துணியால் துடைத்தால் வில்லையில் கீறல் விழும்; தண்ணீரில் அலசிய பிறகே துடையுங்கள்.

மருந்தோ அமிலமோ கண்ணில் பட்டால் அங்கேயே நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணுக்கு குத்தினால் கசக்கவோ பிடுங்கவோ வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுமருந்தும் வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு பூஞ்சைப் புண்ணை இன்னும் பெரிதாக்கும்.

கண்ணாடி வாங்கிக் கொடுப்பது வேலை வாங்குபவரின் கடமை. எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் அதைப் போடுபவர். எனவே மொத்தமாக வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வகையைப் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்து, மெஷின்காரர்களை ஒருநாள் போட்டுப் பார்க்கச் சொல்லும்படி தோட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தலைவர்மார் இதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். உங்கள் மலையில் எந்தக் கண்ணாடி நாள் முழுக்கக் கண்ணில் நின்றது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்றத் தோட்டங்களுக்கும் பயன்படும்படி பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்