சுவரைத் தாருங்கள், தேர்வை ஓவியனிடம் விடுங்கள்!

சித்தன்னவாசல் குன்றிலே உள்ள அறிவர் கோயிலுக்குள் ஒருமுறையேனும் நுழைந்த தோழர்கள், தலை நிமிர்ந்து விதானத்தைப் பார்த்திருப்பர். அங்கே ஒரு தாமரைக் குளம். மீன் நீந்துகிறது, யானையும் எருமையும் நீரில் நிற்கின்றன, பறவைகள் இலைகளுக்கிடையே தலைநீட்டுகின்றன, மலர் கொய்வோர் கையில் தாமரைத் தண்டோடு நிற்கின்றனர். காலம் அரித்ததும் கயவர் சுரண்டியதும் போக எஞ்சியதே இவ்வளவு எழில் என்றால், முழுமையாய் இருந்தபோது எப்படி இருந்திருக்கும்!

அங்கே ஒரு கல்வெட்டும் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்திலே, இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அது கூறுகிறது. மன்னனுக்கு இடம் உண்டு. திருப்பணி செய்தவருக்கு இடம் உண்டு. வண்ணம் குழைத்தவன், தூரிகை பிடித்தவன், அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தவன் பெயர்? அது இல்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. முடியாட்சி போயிற்று, 1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது, குடியாட்சி வந்தது. அந்தப் பழைய வழக்கம் மட்டும் போயிற்றா என்பதே இந்த வாரம் நாம் கேட்கும் கேள்வி.

ஓர் ஊரிலே ஓவியக் காட்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழைப் புரட்டிப் பாருங்கள். தலைமை யார், முன்னிலை யார், திறந்து வைப்பவர் யார், வாழ்த்துபவர் யார், நன்றி நவில்பவர் யார் – அத்தனையும் இருக்கும். ஆனால் ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் பொன்னமராவதிக்கும் தன் கைக்காசில் பேருந்து ஏறிப் படங்களைத் திரட்டியவன் யார்? வந்த படங்களைத் தரையிலே பரப்பி, இரவெல்லாம் விழித்து, இது வேண்டும், இது வேண்டாம், இதன் அருகே அது நின்றால் இரண்டும் கெடும் என்று முடிவு செய்தவன் யார்? ஆணி அடித்தவன் யார்? அவனும் ஓர் ஓவியன்தான். ஊதியம் கேளாது வந்த தொண்டன்தான். அழைப்பிதழில் அவனுக்கு ஒரு வரி இல்லை. திறப்பு விழாவில் அவனுக்கு ஒரு நாற்காலி இல்லை!

ஆணி அடிப்பதும் ஒரு கலையா என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம். நீர்வண்ணப் படத்தை நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால் வண்ணம் வெளுத்துப் போகும். ஈரம் ஊறும் சுவரில் சாய்த்தால் தாள் பூஞ்சணம் பூக்கும். பார்ப்பவன் கண் மட்டத்துக்கு மேலே ஏற்றினால் படம் அவனோடு பேசாது. இரண்டு படங்களை இடைவெளியின்றி நெருக்கினால் ஒன்று மற்றொன்றை விழுங்கும். இவற்றை அறிந்தவன், அந்த வேலையில் தன் கையையும் கண்ணையும் தேய்த்தவனே. கோப்பு பார்த்துக் குறிப்பு எழுதுபவனுக்கு இது கைவராது.

“வயிறு காய்ந்து கிடக்கும் மாவட்டத்திலே வண்ணம் எதற்கு? கலை என்பது கனவான்களின் பொழுதுபோக்கு” என்பர் சிலர். நம்மவரிடையேயும் இந்தப் பேச்சு உண்டு என்பதால் நம்மவருக்கே விடை கூறுவோம். தேர்தல் காலத்திலே நம் சின்னத்தைச் சுவர்தோறும் தீட்டியவன் யார்? மாநாட்டு முகப்பிலே தலைவர்களை முப்பது அடி உயரத்துக்கு நிறுத்தியவன் யார்? சாரத்தின் மீது நின்று, கையில் வாளியும் தூரிகையுமாக, நம் கொள்கைக்கு முகம் கொடுத்தவன் ஓவியன். அச்சடித்த பிளக்ஸ் பதாகை ஊரெங்கும் பரவியபோது அவன் பிழைப்பில் மண் விழுந்தது. மலிவு என்று நாமும் பதாகைக்கே ஓடினோம். அவனைத் திரும்பிப் பார்த்தோமில்லை. இன்று அவன் கடைப் பலகை எழுதுகிறான். சிலர் அதையும் விட்டுக் கூலிக்குச் செல்கின்றனர். அவன் வீட்டுப் பரணிலே, யாரும் கேளாது அவனே விரும்பி வரைந்த படங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. கலை கனவான்களின் சொத்து என்று சொல்வது அவனுடைய பசியை மதிப்பது ஆகாது. அவன் கையில் எஞ்சியிருப்பதையும் பறிப்பதாகும்!

“சரி, காட்சி நடக்கட்டும், தேர்வை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும்” என்பது அடுத்த வாதம். வரலாற்றைக் கேளுங்கள். பாரிஸ் நகரிலே அரசின் அரவணைப்பில் நடந்த பெருங்காட்சியின் நடுவர் குழு, புதிய பாணியில் வரைந்தவர்களை ஆண்டுதோறும் விரட்டிற்று. விரட்டப்பட்டவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 1874இல் மோனே, ரெனுவார், பிசாரோ, தெகா முதலிய ஏறத்தாழ முப்பது பேர் ஒன்றுகூடி, நதார் என்ற நிழற்படக்காரரின் பழைய கூடத்திலே தாங்களே காட்சி நடத்தினர். ஏளனம் செய்தனர், எள்ளி நகையாடினர். இன்று உலகம் போற்றுவது யாரை? நடுவர் நாற்காலியில் இருந்தோர் பெயரைக் கூற எத்தனை பேரால் முடியும்?

பாரிஸ் வரை போவானேன்? சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்துக்கு வாருங்கள். ஓவியக் கல்லூரியின் முதல்வராய் இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தனர். எவரிடமும் கையேந்தவில்லை. பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுப் பணம் திரட்டினர்; கடலோர மணலிலே நிலம் வாங்கினர்; தாங்களே குடியேறினர்; தங்கள் படைப்புகளைத் தாங்களே காட்சிக்கு வைத்தனர். ஓவியனுக்குத் தன் தொழிலை நடத்தத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரசே வேண்டாம் என்கிறோமா? இல்லை. திருக்கோகர்ணத்திலே 1910இல் தோன்றிய அருங்காட்சியகம் அரசின் பாதுகாப்பில் நிலைத்து நிற்பதை அறிவோம். கட்டடம் அரசு தரட்டும்; விளக்கும் காவலும் அரசு தரட்டும்; வண்டிச் செலவையும் அரசு தரட்டும். எந்தப் படம் சுவரேறும் என்ற முடிவை மட்டும் தூரிகை பிடித்தவர்களிடம் விடட்டும். மக்கள் பணத்தில் எழுந்த கூடத்தில் அதிகாரியின் இரசனை ஆட்சி செய்ய வேண்டும் என்பது எந்தச் சட்டம்?

இனி, இவர்களைத் தொண்டர்கள், தியாகிகள் என்று புகழ்ந்தே ஏய்ப்பவர்களைப் பார்ப்போம். பந்தல்காரருக்குப் பணம் உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் உண்டு. பொன்னாடைக்கும் பணம் உண்டு. காட்சியைத் தேர்ந்து அமைத்தவன் வந்தால் மட்டும், “நீங்கள் தொண்டுள்ளம் படைத்தவர் ஆயிற்றே!” என்பார்கள். தொண்டு என்பது தருபவன் மனத்தில் இருக்க வேண்டிய சொல்; பெறுபவன் கடனைத் தட்டிக்கழிக்க எடுக்கும் கருவி அன்று. குறைந்தபட்சம் அவன் கைக்காசு செலவாகாதிருக்கட்டும். அவன் பெயர் வாயிற்பலகையில் இருக்கட்டும்.

“ஓவியர்களிடம் விட்டால் உறவும் குழுவும் புகுந்துவிடாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டோம். புகக்கூடும். அதற்கு மருந்து அதிகாரியிடம் ஓடுவதன்று, ஒழுங்கு வகுப்பது. தேர்வுக் குழு ஆண்டுதோறும் மாறட்டும். குழுவில் இருப்பவன் படம் அந்த ஆண்டு காட்சிக்கு வரவேண்டாம். வேண்டாம் என்று திருப்பிய படத்துக்குக் காரணம் சொல்லப்படட்டும். பெண் ஓவியர் இன்றி எந்தக் குழுவும் கூடவேண்டாம். கோலமிடும் கை, மண் குதிரை வனையும் கை, பலகை எழுதும் கை, கல்லூரியில் பயின்ற கை – எல்லாம் ஒரே சுவரில் நிற்கும் தகுதி உடையவை என்பது முதல் விதியாகட்டும்.

இது ஆகாத காரியம் என்று எவரும் இந்த மாவட்டத்திலே சொல்லக் கூடாது. 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஊதியம் பெறாத தொண்டர்கள் இதே செம்மண் பூமியிலே சிற்றூர்தோறும் சென்று எழுத்தறிவித்தனர். படித்த பெண்கள் மிதிவண்டி ஏறினர். ஊரார் வாய்பிளந்து பார்த்தனர். அரசு துணை நின்றது, தொண்டர் முன்னின்றனர், மக்கள் எழுந்தனர். எழுத்துக்கு முடிந்தது ஓவியத்துக்கு முடியாதா?

ஆகவே தோழர்களே, கோரிக்கை வைப்பதோடு நம் கடமை தீராது. மாவட்டத்தின் 12 வட்டங்களிலும் ஊர்ப் பொதுக் காட்சிக்கூடம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். அது வரும்வரை காத்திராதீர்கள். உங்கள் படிப்பகத்தின் ஒரு சுவரை இந்த மாதமே வெள்ளையடியுங்கள். ஊரிலுள்ள ஓவியரைத் தேடிச் செல்லுங்கள். “இந்தச் சுவர் உங்களுடையது, எதை மாட்டுவது என்பதும் உங்கள் முடிவு” என்று சொல்லுங்கள். நம் தலைவர் படத்தை நடுவில் மாட்டச் சொல்லி நிர்ப்பந்திக்காதீர்கள், அதுவும் அதிகாரமே!

காட்சி திறக்கும் நாளில் வாயிலிலே ஒரு பலகை வையுங்கள். வரைந்தவர் பெயரும், தேர்ந்து அமைத்தவர் பெயரும் முதலில் எழுதப்படட்டும். திறந்து வைப்பவர் பெயர் கடைசியில் வரட்டும், இடமில்லையேல் விட்டுவிடுங்கள்.